தற்காலிகச் சமம்

என் கணவரின் வலது கை நாற்பத்தொரு நாட்களாக அந்தரத்தில் நிற்கிறது. உள்ளங்கை மேலே பார்த்திருக்கிறது. கைக்கு நோய் எதுவும் இல்லை. வானொலியில் கச்சேரியைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான்.

தினமும் காலை ஏழே காலுக்குக் கர்நாடக இசை. அன்றும் அவர் வழக்கம்போல முக்காலியில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். எட்டு எண்ணிக்கைத் தாளம். ஒன்றில் தட்டுவார். அடுத்து விரல்களை எண்ணுவார். பிறகு தட்டிக் கையைத் திருப்புவார், மறுபடி தட்டிக் கையைத் திருப்புவார். எட்டாவதில் கை மல்லாந்து நிற்கும். அங்கிருந்து மறுபடி ஒன்றுக்கு வந்து தொடையில் விழும். அந்த ஒன்றுக்குச் சமம் என்று பெயர். பாடுகிறவரும் கேட்கிறவரும் அந்த இடத்தில்தான் சந்தித்துக்கொள்வார்கள் என்று இருபத்தாறு வருடமாக என்னிடம் சொல்லிவருகிறார். நான் இருபத்தாறு வருடமாகச் சட்னி அரைத்துவருகிறேன்.

அன்று கை எட்டில் இருந்தபோது செய்தி குறுக்கே வந்தது. முதல் செய்தி, கத்தரியில் காய்ப்புழு. கச்சேரி திரும்பி வரவில்லை. கையும் கீழே வரவில்லை.

“கைய எறக்குங்க” என்றேன்.

“சமம் வரலையே.”

“ரேடியோவத்தான் அணைச்சாச்சே.”

“நீ அணைச்சா ஆச்சா? பாடுதவ இன்னும் முடிக்கலையே, வல்லி.”

என் பெயர் செண்பகவல்லி. அவர் பெயர் அணஞ்சபெருமாள். நகராட்சியில் குடிதண்ணீர் வால்வு திறக்கும் வேலை. நடுத்தெருவில் இரும்பு மூடி போட்ட குழி ஒன்று இருக்கிறது. அதற்குள் ஆளுயரச் சாவியை விட்டு இரண்டு கையாலும் திருகினால் மூன்று தெருக்களுக்குத் தண்ணீர் வரும். இடது கையால் மட்டும் திருகிப் பார்த்தார். சாவி அவரைத் திருகிவிட்டது.

மூன்று தெருப் பெண்களும் குடங்களோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். முதல் வாரம் திட்டினார்கள். இரண்டாம் வாரம் அழுதார்கள். நான்காம் வாரத்திலிருந்து அவர்கள் வருவதில்லை. குடங்கள் மட்டும் வருகின்றன. வரிசை கலையாமல் நின்றுவிட்டுப் பத்து மணிக்குத் திரும்பிப் போகின்றன.

மல்லாந்த கை என்பதால் வேறு சில தொந்தரவுகளும் இருந்தன. காதுகுத்துக்கு அழைக்க வந்தவர்கள் வெற்றிலை பாக்கை அதில் வைத்துவிட்டுப் போனார்கள். வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்தவர் தன் மூக்குக் கண்ணாடியை வைத்தார். திரும்ப எடுக்க வரவில்லை. நான்தான் என் கணவருக்குச் சோறு ஊட்டினேன். ஊட்டும்போதெல்லாம் அவர் வானொலியைப் பற்றியே பேசினார்.

அவருக்கு அந்த நிலையத்தின் மேல் பழைய கோபம். திங்கள் முதல் வெள்ளி வரை ஒரே ராகத்தைப் போடுகிறார்கள் என்பார். அரைமணிக் கச்சேரியில் பதினோரு நிமிடம் சுருதி சேர்க்கிறார்கள் என்பார். ஒரு வீணை ஒலிப்பதிவில் யாரோ தும்முகிறார்கள். பத்தொன்பது வருடமாக அதே பதிவு, அதே இடத்தில் அதே தும்மல். அவர் தவறாமல் “நூறாயுசு” என்று சொல்லிவிட்டு எழுதுவதற்கு உட்காருவார். வாரம் ஒரு புகார்க் கடிதம். ஒரே ஒரு தடவைதான் பதில் வந்தது. ‘தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் கிடைக்கவில்லை.’

நாற்பதாம் நாள் நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது. வியாழக்கிழமைக்குள் கை இறங்காவிட்டால் அது கம்பமாகக் கருதப்படும். அதில் தெருவிளக்கு மாட்டப்படும். பின்னாலேயே ஒருவர் நாடாவோடு வந்து முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அளந்தார்.

“டியூப்லைட்டா, குண்டு பல்பா?” என்று என் கணவர் கேட்டார்.

“அது மேலதிகாரி முடிவு” என்றார் அவர்.

அன்றைக்குத்தான் என் கணவர் பயந்ததைப் பார்த்தேன். இடது கை வேட்டி முனையை முறுக்கிக்கொண்டே இருந்தது. வலது கை ஆடவில்லை. அதற்கு அனுமதி இல்லை.

“நீ போய்க் கேட்டுட்டு வாயேன், வல்லி” என்றார்.

புதன்கிழமை காலை நான் வானொலி நிலையத்துக்குப் போனேன்.

வாயிலில் காவலர் ஒரு பேரேட்டைத் திறந்து வைத்திருந்தார்.

“என்ன விஷயம்?”

“ஒரு விஷயம் கேக்க வந்திருக்கேன்.”

“கேக்கவா?” அவர் எழுந்து நின்றார். “இங்க சும்மா கேக்க முடியாதும்மா. கேக்குததுக்குத் தேர்வு இருக்கு.”

“நான் அந்தக் கேக்கதச் சொல்லல. ஒரு கேள்வி.”

“எந்தக் கேக்கதா இருந்தாலும் ஒரே தேர்வுதான்” என்று சொல்லி என் பெயரை எழுதிக்கொண்டார். வயது என்ற இடத்தில் என் காதைப் பார்த்துவிட்டு நாற்பத்தொன்பது என்று போட்டார். சரியாக இருந்தது.

உள்ளே ஒரு நடைபாதை. கண்ணுக்குப் பத்தடிதான் தெரிந்தது. நடக்க நடக்க அது முடியவேயில்லை. சுவரில் இருந்த ஒலிபெருக்கியில் யாரோ மிக மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். எதிரே ஒரு ஊழியர் தரையில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“விளம்ப காலம் போகுது” என்றார். “மெதுவாப் பாடினா நடை நீளும். சின்னதா வேகமாத் துக்கடா வரும்போது வந்திருந்தீங்கன்னா நாலு எட்டுதான்.”

நாற்பது நிமிடம் நடந்தேன். வழியில் ஒரு முறை செருப்பு வார் அறுந்தது. முடியும் இடத்தில் ஒரு கதவு. அதில் ‘நேயர் அதிருப்திப் பிரிவு’ என்று எழுதியிருந்தது. உள்ளே எபனேசர் என்ற அதிகாரி உட்கார்ந்திருந்தார்.

“நேரம் பத்து மணி நான்கு நிமிடம்” என்றார் எபனேசர். “உக்காருங்க. அடுத்து நான் பெருமூச்சு விடுவேன்.”

விட்டார்.

நான் கணவர் பெயரைச் சொன்னேன். அவர் திரும்பித் தன் பின்னால் இருந்த சுவரைக் காட்டினார். அது சுவர் இல்லை. தரையிலிருந்து கூரை வரை என் கணவரின் கையெழுத்து.

“ஆயிரத்து முந்நூத்தி அம்பத்திரண்டு கடிதம். பழைய சுவர் மழையில விழுந்துட்டு. அன்னியிலேர்ந்து கூரை இதுலதான் நிக்கி.”

“ஒண்ணாவது படிச்சீங்களா?”

“எப்படிம்மா எடுக்கது? ஒண்ண உருவினாலும் நிலையம் எறங்கிரும்.” அவர் குரலில் நன்றி இருந்தது. “உங்க வீட்டுக்காரர் மட்டும் திருப்தி ஆயிட்டாருன்னா நாங்க எல்லாரும் வெளியதான் உக்காரணும்.”

நான் கை விஷயத்தைச் சொன்னேன். தெருவிளக்கைச் சொன்னேன். ஒரு சமம் கொடுத்தால் போதும், பையில் போட்டுக்கொண்டு போய்விடுவேன் என்றேன்.

“ஏ தர நேயர்களுக்குத்தான் கொடுக்கலாம். நீங்க எந்தத் தரம்?”

“ரேஷன்லயா?”

“அடுத்து தேர்வு நடைபெறும்” என்றார் எபனேசர்.

தேர்வு அறையில் ஒரு நாற்காலி, ஒரு மைக், ஒரு பச்சைத் திரை. திரைக்குப் பின்னால் மூன்று நிபுணர்கள் இருப்பதாகச் சொன்னார்கள். திரைக்குக் கீழே ஏழு கால்கள் தெரிந்தன. மறுபடி எண்ணிப் பார்த்தேன், ஏழுதான்.

“மைக்குக்கு நேரா காத வைங்க” என்றது ஒரு குரல். “நீங்க கேக்கது எங்களுக்குக் கேக்கணும். ஆரம்பிக்கலாம்.”

அவர்கள் எதையும் போடவில்லை. நான் காத்திருந்தேன். எனக்குச் சங்கீதம் பிடிக்காது. சினிமாப் பாட்டு பிடிக்கும், வானிலை அறிக்கை பிடிக்கும். வேறு வழியில்லாமல் கேட்டேன். மின்விசிறி. எங்கோ ஒரு குழாய் சொட்டியது. திரைக்குப் பின்னால் ஒருவருக்கு வயிறு உறுமியது. அதற்கும் அப்பால், இரண்டு மூன்று சுவர்களைத் தாண்டி, இன்னொன்று இருந்தது.

“என்ன கேக்குது?”

“யாரோ ஒரு பொம்பள வாயத் தொறந்து வச்சுக்கிட்டு இருக்கா” என்றேன். “ரொம்ப நாளா.”

ஏழு கால்களும் அசைந்தன.

“அது எப்படிக் கேக்கும்?”

“வாயத் தொறந்து வச்சுக்கிட்டு ஆள் இருந்தா வீட்டுல சத்தம் வேற மாரி இருக்கும். எங்க வீட்ல அவுக ரேடியோ கேக்கும்போது அப்படித்தான் இருப்பாக. அடுக்களைல இருந்தே எனக்குத் தெரியும்.”

“கேள்விப் பயிற்சி யாரிடம்?”

“பயிற்சின்னு ஒண்ணுமில்ல. கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷமாச்சு.”

திரைக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். திரையின் நடுவிலிருந்து ஒரு கை வந்து என் இடது காது மடலில் ரப்பர் முத்திரை குத்தியது. ‘ஏ’ தரம். மை குளிர்ச்சியாக இருந்தது.

எபனேசர் என் காதைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“நேரம் பதினொன்று பத்து. இந்த மாவட்டத்துலயே உங்களோட சேத்து மூணு பேர். ஒருத்தர் இறந்துட்டார். ஒருத்தருக்குக் காது கேக்காது.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “உங்க வீட்டுக்காரருக்குக் கிடைக்காதது உங்களுக்குக் கிடைச்சிருக்கு.”

“அவுக எப்ப இங்க வந்தாக?”

அவர் ஒரு கோப்பைத் திறந்தார். என் கணவர் நான்கு முறை நேயர் தேர்வுக்கு வந்திருந்தார். நான்கு முறையும் தேறவில்லை. ஒவ்வொரு முறைக்கும் ஒரு குறிப்பு இருந்தது.

‘பாடுவதற்கு முன்பே கேட்டுவிடுகிறார்.’

‘தலையை ஆட்டுவதால் காற்று வருகிறது.’

‘தும்மலுக்கு வாழ்த்துச் சொன்னார்.’

நான்காவது குறிப்பு கொஞ்சம் நீளம். ‘மனைவி பேசியதைக் கேட்டதற்கான சான்று இணைக்கப்படவில்லை.’

தேதிகளைப் பார்த்தேன். அந்த நாட்கள் எனக்கு நினைவிருந்தன. ஆற்றங்கரைப் பக்கம் குழாய் உடைப்பு என்று சொல்லிவிட்டுப் போவார். குழாய் உடைப்புக்கு எதற்கு வெள்ளைச் சட்டை என்று நினைத்திருக்கிறேன். திரும்பி வந்து சட்டையைத் தானே துவைத்துக் காயப்போடுவார். அன்று வானொலி போடமாட்டார். வயிறு சரியில்லையோ என்று நான் ரசம் வைத்துக் கொடுத்திருக்கிறேன். நான்கு முறையும் ரசம்தான் வைத்திருக்கிறேன்.

“இத நான் அவுககிட்டச் சொல்லணுமா?”

“சொல்ல வேண்டாம்னு நெனச்சா ஒரு கையெழுத்து போடணும்.”

போட்டேன். அன்றைக்கு நான் போட்ட கையெழுத்துகளிலேயே அதுதான் நன்றாக விழுந்தது.

“சரி, இப்பச் சமத்தக் குடுங்க.”

“சமம் எங்ககிட்ட இல்லையேம்மா” என்றார் எபனேசர். “உங்களுக்குக் கேட்டுதுல்லா, அந்தம்மாகிட்டத்தான் இருக்கும். எந்த அறைல இருக்காங்கன்னு எங்களுக்குத் தெரியாது. நீங்களே கேட்டுக்கிட்டே போங்க.”

காதை முன்னால் நீட்டிக்கொண்டு போனேன். எபனேசர் படிவக் கட்டோடு என் பின்னால் வந்தார். மூன்றாவது திருப்பத்தில் ஒரு கனமான கதவு. தள்ளினேன்.

மேடையில் பாடகி சங்கரவடிவு உட்கார்ந்திருந்தார். நாற்பத்தொரு நாட்களுக்கு முன்னால் என் வீட்டில் பாடிக்கொண்டிருந்தவர். வாய் அகலத் திறந்திருந்தது. பக்கத்தில் பிடில்காரர் வில்லை உயர்த்திப் பிடித்திருந்தார். மிருதங்கக்காரரின் இரண்டு கைகளும் அந்தரத்தில் இருந்தன. அவர் மடியில் யாரோ துண்டு விரித்து, பக்கத்தில் கஞ்சியும் கரண்டியும் வைத்திருந்தார்கள்.

கதவோரம் ஒரு மெலிந்த மனிதர், படிய வாரிய தலை, மடியில் தோல்பை. அவர் யாரையும் பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவர்தான் செய்தி” என்றார் எபனேசர் மரியாதையாக. “இவர் வந்தா எல்லாரும் நிறுத்திரணும்.”

நான் சங்கரவடிவிடம் போனேன்.

“ஒரு சமம் வேணும்மா. எங்க வீட்டுல கை நிக்கி.”

“எனக்கு வாய் நிக்கி” என்றார் அவர். வாயை மூடாமலே பேசினார். நன்றாகப் புரிந்தது. “அந்தக் கை எறங்கினாத்தான் நான் மூட முடியும்.”

“நீங்க பாடினாத்தான் அவுக எறக்குவாக.”

“அவரு எறக்கினாத்தான் எனக்கு எடம் தெரியும். அன்னைக்கு வெளிய தாளம் போட்டுக்கிட்டு இருந்தது அவரு ஒருத்தர்தான்.”

“மத்தவங்க?”

“எல்லாரும் பல்லு வெளக்கிக்கிட்டு இருந்தாங்க” என்றார் மிருதங்கக்காரர். கசப்பாகச் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது. கதவோரம் இருந்த மனிதரிடம் திரும்பினேன்.

“நீங்கதான குறுக்க வந்தது? கொஞ்சம் நின்னு வந்திருக்கலாம்லா? ஒரே ஒரு தட்டுதான் பாக்கி.”

செய்தி முதல்முறையாகக் கடிகாரத்தை விட்டு என்னைப் பார்த்தார். பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“எனக்கு ஏழே முக்கால்னா ஏழே முக்கால். முப்பது வருஷமா வாரேன். நில்லுங்கன்னு என்கிட்ட யாரும் சொன்னதில்லையேம்மா.”

அவர் சொன்ன விதத்தில் மேற்கொண்டு திட்ட முடியவில்லை.

எபனேசர் படிவக் கட்டிலிருந்து ஒன்றை உருவினார். “ஒரு வழி இருக்கு. படிவம் ஒன்பது. தற்காலிகச் சமம். ரெண்டு பக்கமும் ஒருத்தருக்காக ஒருத்தர் நிக்கும்போது ஏ தர நேயர் ஒருத்தர் நடுவுல தட்டலாம். நிரந்தரச் சமம் வந்ததும் இத ரத்து செஞ்சிருவோம்.”

“நிரந்தரச் சமம் எப்ப வரும்?”

“அதுக்குப் படிவம் இல்ல.”

மூன்று பிரதிகளில் கையெழுத்துப் போட்டேன். அறையில் சிவப்பு விளக்கு எரிந்தது. மைக்கை என் உள்ளங்கைகளுக்கு நேராகத் தாழ்த்தினார்கள். வீட்டில் வானொலி ஓடிக்கொண்டிருக்கும். அவர் அதை நாற்பத்தொரு நாளாக அணைக்க விடவில்லை. முதல் நாள் நான் அணைத்ததையும் உடனே மறுபடி போட்டுவிட்டார்.

“எப்பத் தட்டணும்?” என்று கேட்டேன்.

எல்லாரும் என் கைகளையே பார்த்தார்கள். பிடில்காரரின் நெற்றியிலிருந்து ஒரு வியர்வைத் துளி புறப்பட்டு, நடுவழியில் நின்று என்னைப் பார்த்தது.

“எனக்குத் தாளம் தெரியாது” என்றேன். “நான் குக்கர் விசில்தான் எண்ணியிருக்கேன்.”

“தட்டுங்கம்மா” என்றார் சங்கரவடிவு. அவர் கண்ணில் நீர் இருந்தது. “தாடை வலிக்குது.”

கண்ணை மூடிக்கொண்டேன். தாளம் ஞாபகம் வரவில்லை. அவர்தான் ஞாபகம் வந்தார். கை விழுவதற்குச் சற்று முன் அவர் மூக்கு வழியாக ஒரு சின்ன மூச்சு இழுப்பார். இடது கால் பெருவிரல் உயரும். பிறகு முழங்கால் தன்னை அறியாமல் கைக்கு எதிராகக் கொஞ்சம் எழும். அடுக்களைக் கதவிடுக்கில் இதை எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்பேன் என்று தெரியாது. பார்க்கிறேன் என்று தெரியாமலே பார்த்திருக்கிறேன். மூச்சு வந்தது. பெருவிரல் உயர்ந்தது.

தட்டினேன்.

சங்கரவடிவின் வாய் மூடியது. வில் இறங்கியது. மிருதங்கத்தில் ஒரு அடி விழுந்தது. தயாராக இருந்த வியர்வைத் துளியும் விழுந்தது. அவ்வளவுதான் கச்சேரி.

“அரை எடம் தள்ளி விழுந்துட்டு” என்றார் சங்கரவடிவு. தாடையைத் தேய்த்துக்கொண்டார். “பரவால்ல. விழுந்துச்சே.” கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். “எபனேசர் சார், நான் இனிமே வரமாட்டேன். எங்க வீட்ல நான் கல்யாண வீட்டுக்குப் போயிருக்கேன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க.”

திரும்பும்போது ஒலிபெருக்கியில் துக்கடா ஓடிக்கொண்டிருந்தது. நடைபாதை நான்கு எட்டில் முடிந்தது. தயிர்சாதக்காரர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

வெளியே எல்லாம் அரை இடம் தள்ளி நடந்துகொண்டிருந்தது. கண்டக்டர் விசில் ஊதினார். பேருந்து கொஞ்சம் யோசித்துவிட்டுப் புறப்பட்டது. ஒருவர் பீடியைப் பற்றவைத்தார். புகை சற்றுப் பொறுத்து வந்தது. ஒரு பெண் தன் மகளை அறைந்தாள். மகள் நிதானமாக விலகிக்கொண்ட பிறகுதான் அறை அங்கே போய்ச் சேர்ந்தது. யாரும் புகார் சொல்லவில்லை. முன்பைவிட வசதியாக இருந்த மாதிரிதான் தெரிந்தது.

வீட்டில் அவர் இல்லை. முக்காலிக்குக் கீழே வெற்றிலை, பாக்கு, மூக்குக் கண்ணாடி எல்லாம் சிதறிக் கிடந்தன. நாடாவோடு வந்தவர் ஒரு நாள் முன்னதாகவே தெருவிளக்கோடு வாசலில் நின்றார். “கம்பம் எங்க?” என்று கேட்டார்.

“வேலைக்குப் போயிருக்கு” என்றேன்.

நடுத்தெருவில் குழியைச் சுற்றிக் குடங்கள் நின்றிருந்தன. என் கணவர் சாவியை இரண்டு கையாலும் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தார். வலது கை வெளுத்து மெலிந்திருந்தது. ஆனால் பிடி சரியாக இருந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“சமம் வந்துச்சா?”

“வந்துச்சு.” ஒரு சுற்றுத் திருகினார். “அரை எடம் தள்ளி.”

“ம்.”

“சங்கரவடிவு அப்படிப் போடமாட்டாளே. யாரு போட்டா?”

“நான்தான்.”

அவர் திருகுவதை நிறுத்தினார். நான் அடுத்து வரப்போகும் கடிதத்தை நினைத்துக்கொண்டேன். நிலையத்துக்கு இன்னொரு சுவரும் கிடைத்துவிடும்.

“அதான் பாத்தேன்” என்றார். “பழக்கப்பட்ட கை மாரி இருந்துது.”

சாவியைக் கடைசியாக ஒரு திருகு திருகினார். சற்றுப் பொறுத்து மூன்று தெருக்களிலும் தண்ணீர் வந்தது.

அவர் என் காதைப் பார்த்தார். முத்திரை இன்னும் அழியவில்லை. அவருக்கு அது என்ன என்று தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். அவர் சட்டை முனையை ஈரமாக்கி மையைத் துடைக்கப் பார்த்தார். போகவில்லை.

“நல்லா அழுத்திக் குத்தியிருக்காங்க” என்றார். “இருக்கட்டும்.”

மறுநாள் காலை ஏழு மணிக்கு எபனேசர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஏணியும் ஒரு சிவப்பு விளக்கும் இருந்தன.

“நேரம் ஏழு மணி. சங்கரவடிவு போயிட்டதால ஏழே கால்லேர்ந்து ஏழே முக்கால் வரைக்கும் எடம் காலியா இருக்கு. தாளம் இப்ப உங்க பேர்ல பதிவாகியிருக்கு. அதனால நீங்கதான்.”

“எனக்குப் பாடத் தெரியாதே.”

“பாடணும்னு விதியில்ல. தாளத்துக்குள்ள எத வச்சாலும் எங்களுக்கு ஆட்சேபணை இல்ல.”

அடுக்களை வாசலுக்கு மேலே விளக்கை மாட்டினார். சட்னி அம்மிக்கு நேரே ஒரு மைக்கைத் தொங்கவிட்டார். பிறகு ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் கணவர் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அடுக்களைக்குள் போட்டார். அவர் அடுக்களைக்குள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் அரிசி டின்மேல் வைத்தார்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

அம்மியில் தேங்காயை எடுத்து வைத்தேன். மைக் பொறுமையாக இருந்தது. கடைசியில், “ரெண்டாயிரத்து மூணுல என் தங்கச்சி கல்யாணத்துக்கு நீங்க வரல” என்றேன்.

அவர் தொடையில் தட்டினார். விரல்களை எண்ணினார்.

“பைப் ஒடஞ்சுட்டுன்னு சொன்னீங்க. அந்த ஊர்ல பைப்பே கெடையாது. நான் ஒத்தைல சபைல நின்னேன். எல்லாரும் மூத்த மாப்பிள்ள எங்க, மூத்த மாப்பிள்ள எங்கன்னு கேட்டாக.”

“அந்த எடத்த இன்னொரு தரம்” என்றார் அவர். கண் மூடியிருந்தது.

“ஒத்தைல சபைல நின்னேன்.”

“ம். இன்னும் கொஞ்சம் நிறுத்தி.”

“ஒத்தைல. சபைல. நின்னேன்.”

“ஆகா” என்றார். தலை குனிந்திருந்தது. கை மட்டும் தப்பாமல் போய்க்கொண்டிருந்தது.

நான் அடுத்ததைச் சொன்னேன். எனக்கு முழங்கால் வலி என்று சொன்னபோது அவர் வீணையைக் கவனிக்கச் சொன்னதைச் சொன்னேன். நான் ஒரு தடவை வானிலை அறிக்கை கேட்டுக்கொண்டிருந்தபோது அவர் வேறு நிலையத்துக்குத் திருப்பிவிட்டதைச் சொன்னேன். அன்று குடை எடுக்காமல் போய் நனைந்தேன். மெதுவாகச் சொன்னேன். அடுக்களை நீளத் தொடங்கியது. அடுப்பு தூரத்தில் தெரிந்தது. அவர் முக்காலியோடு என் பக்கத்திலேயே இருந்தார்.

ஏழு இருபத்தைந்துக்குக் கதவிடுக்கு வழியாக முதல் கடிதம் வந்து விழுந்தது. அடுத்த தெரு நேயர் ஒருவர். இது சங்கீதமா என்று கேட்டிருந்தார். நேற்றுவரை போட்ட ஒரே ராகமே தேவலை என்று எழுதியிருந்தார். என் கணவர் தாளத்தை விடாமல் இடது கையால் அதை எடுத்துப் படித்தார்.

“கேக்கத் தெரியாதவனுவ” என்றார்.

சரியாக ஏழே முக்காலுக்குக் கதவைத் தட்டினார்கள். செய்தி நின்றுகொண்டிருந்தார். படிய வாரிய தலை, கையில் தோல்பை. உள்ளே வருவதற்காகச் செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார்.

நான் நிறுத்தினேன். எழுந்து இடம் கொடுப்பதற்காகச் சேலையைச் சரிசெய்தேன்.

“நீ சொல்லு” என்றார் என் கணவர்.

அவர் எழுந்து போனார். நடந்துகொண்டே தொடையில் தட்டிக்கொண்டு போனார். வாசல் வெகுதூரத்தில் இருந்தது.

“கொஞ்சம் நில்லுங்க” என்பது எனக்குக் கேட்டது.

“நிக்கலாமா?” என்றார் செய்தி. அவருக்கு நம்பிக்கை இல்லை.

“நிக்கலாம். உள்ள முடியல.”

“எவ்வளவு நேரம் ஆகும்?”

என் கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் அவருடைய அம்மாவைப் பற்றிய பகுதிக்கு வந்திருந்தேன்.

“உக்காந்துக்கிடுங்க” என்றார்.